வாட்டர் பெல் அடிக்கிறது, தண்ணீர்தான் இறங்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிப்பதைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். கேரளத்தில் 2019-லேயே வந்துவிட்டது, இப்போது நம் பள்ளிகளிலும் அடிக்கிறார்கள், நல்லதுதான். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் 11 மணிக்கும் 1 மணிக்கும் 3 மணிக்கும் அடிக்கிறது. ஆனால் எட்டாவது படிக்கும் என் மகள் காலையில் கொண்டுபோகிற பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். ஏண்டி என்று பத்துத் தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். மணி அடித்ததும் டீச்சர் பார்க்கிறாரே என்று உதட்டை நனைத்துக்கொள்வார்களாம், விழுங்க மாட்டார்களாம். விழுங்கினால் பாத்ரூம் போகவேண்டும், அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூடுகிறோம், டீ குடிக்கிறோம், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். இத்தனை அம்மாக்கள் உட்கார்ந்திருந்தும் ஒரு தாழ்ப்பாள் விஷயம் எங்கள் காதுக்கு வரவில்லை என்பதில் எனக்கே வெட்கம்தான்.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன். தலைமை ஆசிரியைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், அவரோ வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, பள்ளியைச் சுற்றிப் பார்த்து எழுதி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பெரியவர்கள் யாரும் கூடப் போகவில்லை, அதுதான் முக்கியம். இரண்டு நாளில் நோட்டில் ஆறு பக்கம். மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, ஏழாம் வகுப்பில் சுவிட்ச் போர்டு வாயைப் பிளந்து நிற்கிறது, கழிப்பறைக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரில் மழைத்தண்ணீர் தேங்கிப் புழு நெளிகிறது (டெங்கு கொசு பற்றிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகள்தானே), எதிர்ப் பெட்டிக்கடையில் புகையிலைப் பாக்கெட் தொங்குகிறது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் அதை விற்கக்கூடாது என்பது 2003-லேயே வந்த சட்டம். அப்புறம், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி தலைமை ஆசிரியை அறை வாசலிலேயே இருந்தால் எப்படிச் சீட்டுப் போடுவது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எங்களுக்கு யாருக்குமே தோன்றவில்லை பாருங்கள்.

தாழ்ப்பாள் அந்த வாரமே வந்தது, நாலு கதவுக்கும். டயர் போனது, பெட்டி நூலகத்துக்கு மாறியது. பாக்கெட் இன்னும் தொங்குகிறது. பின்பக்கச் சுற்றுச்சுவரில் விரிசல் என்று எழுதியதற்கு மேலே மனு போட்டிருக்கிறோம், பதில் இல்லை. அதுவரை அந்தப் பக்கம் யாரும் விளையாடாதபடி கயிறு கட்டியிருக்கிறோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து வயிறு கலங்குகிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். மாணவர் பங்களிப்பு என்றால் சில இடங்களில் பிள்ளைகள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்புகிறார்கள், அதிலும் எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அந்தத் துடைப்பம் போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்வது அது இல்லை. கழுவுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் போடுங்கள். பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும், செய்ய நாம் இருக்கிறோம். சொன்னது என்ன ஆயிற்று என்று அவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை நோட்டு வெறுமையாகத்தான் வரும்.

என் மகள் பாட்டில் இப்போது காலியாக வருகிறது என்று எழுத ஆசைதான். பாதி காலியாகிறது. மீதி ஏன் என்று கேட்டால், 3 மணிக்கு மேல் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லையாம். அதையும் நோட்டில் எழுதிவிட்டாளாம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
திருவாரூர் மாவட்டம்.