கட்டிலோரம் ஹீட்டர் வைக்கச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு குடும்ப இணைப்பில் குளிர்காலக் குறிப்புகள் வெளியிட்டிருந்தீர்கள். உதட்டுக்கு நெய், பாதத்துக்கு விளக்கெண்ணெய் என்பதெல்லாம் இருக்கட்டும். கடைசிக் குறிப்பில், ரூம் ஹீட்டரை ஜங்ஷன் பாக்ஸில் செருகிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் விடியும்வரை இதமாகத் தூங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. ஜங்ஷன் பாக்ஸ், கட்டிலோரம், விடியும்வரை என அந்த ஒரு வரிக்குள் மூன்று தப்பு. அச்சுக்கு அனுப்பும் முன் ஓசூரில் எந்த வயர்மேனைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் வாங்கிப் போட்ட ஜங்ஷன் பாக்ஸ் 6 ஆம்ப்ஸுக்கானது. உள்ளே ஓடும் ஒயரும் மெலிசு. ஹீட்டருடன் வருவது பருத்த பின் வைத்த 16 ஆம்ப்ஸ் பிளக். அது சின்ன பாயிண்டில் நுழையாது, நுழையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதையும் மீறிச் செருகுவதற்குக் கடைகளில் கன்வர்ஷன் பிளக் விற்கிறார்கள். ஹீட்டர் வாங்குபவரிடம் அதையும் சேர்த்தே பையில் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. இதைப் பற்றி உங்கள் நாளிதழ் ஒரு வரி எழுதியதில்லை.

மெயின் போர்டில் எம்சிபி (கரன்ட் மீறினால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறதே, டிரிப் ஆகிவிடாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அளவுக்கு மேல் கரன்ட் போனால்தான் எம்சிபி விழும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்து, பின்னைச் சரியாகக் கவ்வாமல், அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிறது என்று வையுங்கள். 8.7 ஆம்ப்ஸ் அதன் வழியே போனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 38 வாட் சூடு பிறக்கும். ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு 8.7 என்பது சாதாரண கரன்ட், ஆகவே அது அசையாது. முதலில் சாக்கெட்டின் வெள்ளை பழுப்பாகும். மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும். பிறகு பின் கருத்து, பிளாஸ்டிக் இளகி, பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட்டின் முகப்பே ஒட்டிக்கொண்டு வரும். இந்த வேலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு மார்கழியிலும் கழற்றிப் போடும் சாக்கெட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பயமில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்ற வேண்டும். மாற்றும்வரை அதில் ஹீட்டரைச் செருக வேண்டாம்.

குடியிருப்பவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஓசூரில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் படுக்கையறைக்குள் போய்ப் பாருங்கள். 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் ஏசிக்காக ஏழடி உயரத்தில். தரையோரம் இருப்பதெல்லாம் சின்ன பாயிண்ட். அவற்றில் பலவும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். ஹீட்டர் ஓடும்போது கரன்ட் போனால் 2000 வாட் பாரம் முழுவதும் 800 விஏ இன்வெர்ட்டர் தலையில் விழும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கே வீடு கட்டி விற்பவர்களுக்கு வெயில் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. வாரந்தோறும் அவர்களுடைய முழுப்பக்க விளம்பரத்தை வாங்கிப் போடும் நீங்கள், ஒரு முறையாவது இதைக் கேட்டிருக்கலாம்.

தீர்வு பெரிய செலவில்லை. மார்கழியில் யாரும் ஏசி போடப் போவதில்லை. அந்த ஏசி பாயிண்டிலிருந்தே 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் மூன்று (பேஸ், நியூட்ரல், எர்த்) கேசிங் பட்டிக்குள் கீழே இறக்கி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் போட்டால் போதும். ஏசி, ஹீட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று சோதித்து வாங்குங்கள். சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி மெயின் போர்டில் இல்லாத வீட்டில் இரும்பு உடம்பு ஹீட்டர் வைக்கும் முன் அதையும் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது கட்டிலோரம். போர்வை, கொசுவலை, திரைச்சீலை எதுவானாலும் ஹீட்டரிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்க வேண்டும். தூக்கத்தில் போர்வை நழுவினால் நேரே அதன் மேல்தான் விழும். குழந்தையின் ஈரத்துணியை ஹீட்டர் மேல் காயப் போடுவதும் கூடாது. காற்று அடைபட்டால், சூடு மீறும்போது கரன்ட்டை நிறுத்தும் கட்-அவுட் உள்ளே விழுந்து விழுந்து எழும். எத்தனை நாள் தாங்கும்? பத்து மாதம் பரணில் கிடந்ததை இறக்கியதும் செருகாதீர்கள். பிரஷ்ஷால் தூசி தட்டி, விசிறியைக் குச்சியால் சுற்றிப் பார்த்து, முதல் பத்து நிமிடம் கண் முன்னால் ஓடவிட வேண்டும். விசிறி இறுகியிருந்தால் சூடேறும் கம்பிச்சுருள் (காயில்) சிவப்பாகப் பழுக்கும். அதை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

விடியும்வரை என்ற கணக்கையும் பார்ப்போம். 2000 வாட் எட்டு மணி நேரம் என்றால் 16 யூனிட். இடைவிடாமல் ஓடினால் முப்பது இரவுக்கு 480. இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அரை மணி 2000 வாட்டிலும் அரை மணி 1000 வாட்டிலும் ஓட்டி அணைத்துவிட்டால் ஒன்றரை யூனிட்டோடு முடிந்துவிடும். ஆயில் ஹீட்டர் கரன்ட்டை மிச்சப்படுத்தும் என்பதும் சரியல்ல. எந்த ஹீட்டரானாலும் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். ஆயில் நிறைத்தது மெல்லச் சூடாகி மெல்ல ஆறும், சத்தமில்லை, காயில் வெளியே தெரியாது. வித்தியாசம் அவ்வளவே.

அதைவிட, வந்த சூட்டை வெளியே விடாமல் இருப்பதுதான் முக்கியம். ஸ்லைடிங் ஜன்னலின் பிரஷ் பட்டை தேய்ந்த இடுக்கு, கதவின் அடி, பாத்ரூம் எக்ஸாஸ்ட் துளை, இந்த மூன்று வழியாகத்தான் குளிர் வருகிறது. கதவடியில் மணல் நிரப்பிய துணிச்சுருள், ஜன்னல் சட்டத்தில் ஃபோம் டேப், பாத்ரூம் கதவைச் சாத்திவைப்பது. பாதிக் குளிர் இதிலேயே நின்றுவிடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, மேல்மாடிக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இன்னொன்றும் ஆறாமல் இருக்கிறது. கரன்ட் ஹீட்டர் அறையிலுள்ள ஆக்சிஜனை எரித்துவிடும் என்று போன வருடம் இதே இணைப்பில் எழுதினீர்கள். அதில் எதுவும் எரிவதில்லை, கம்பிதான் சூடாகிறது. காற்றின் ஈரப்பதம் குறைந்து தொண்டை வறளும், அதுவே ஆக்சிஜன் போய்விட்டது போலத் தோன்றும். அந்த வரியைப் படித்துப் பயந்து ஒருவர் ஹீட்டரை ஒதுக்கிவிட்டு இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததுதானே. அப்போது கடிதம் எழுதியும் திருத்தம் வரவில்லை. குளிர் என்றாலே ஊட்டி, கொடைக்கானல் படம் போடுகிறீர்கள். ஓசூரை அடுத்துக் குளிரில் நடுங்கும் தளியும் தேன்கனிக்கோட்டையும் உங்கள் மாவட்டப் பதிப்பில்தான் இருக்கின்றன. மாங்காய் விலைக்கு அரைப்பக்கம் தருகிறீர்கள், ஓசூரின் குறைந்தபட்ச வெப்பநிலைக்கு ஒரு வரி இடமில்லை.

நான் கேட்பது நான்கே வரி. ஹீட்டரை 16 ஆம்ப்ஸ் பாயிண்டில் மட்டும் செருகவும். ஜங்ஷன் பாக்ஸும் கன்வர்ஷன் பிளக்கும் கூடாது. படுக்கையிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கவும். தூங்கும் முன் அணைக்கவும். இதை அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், கட்டம் கட்டிப் போடுங்கள். மாசி முடிந்து வந்தால் பயனில்லை, வரும் ஞாயிறே வேண்டும்.

இப்படிக்கு,
மின்பணியாளர் ஒருவர்,
மத்திகிரி, ஓசூர்.