முதலிடம் வந்தது வீண் இல்லை, யாழினி

அன்புள்ள யாழினிக்கு,

நேற்று போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனதிலேயே நிற்கிறது. அதைப் பேசித் தீர்க்க முடியாது, நீ இடையில் சிரித்துவிட்டால் நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். "30 மேட்ச் ஜெயிச்சு என்னம்மா பிரயோஜனம், டிசம்பர்ல தோத்தாச்சே" என்றாய். ஆறுதலுக்காகத்தான் சொன்னாய் என்று தெரியும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, நம் ஊர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி தோற்றதற்காக அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிற பிள்ளை நீ. ஆனால் அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை கண்ணு.

2025இல் லிங்கனில் நடந்தது உனக்கும் தெரியும். டானி பஸ்பூம் கெல்லி பயிற்சியாளராக வந்த முதல் வருஷமே சீசன் முழுக்க 30-0, அதில் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குள், அதாவது நம் இரண்டு பல்கலைக்கழகங்களும் இருக்கிற கூட்டமைப்புக்குள், 20-0. அப்புறம் டிசம்பரில் தேசியப் போட்டியில், நம் வீட்டு மைதானமான டெவானியிலேயே டெக்சாஸ் ஏ அண்ட் எம் வந்து ஐந்து செட் ஆடி, கடைசி செட்டை 15-13 என்று எடுத்துக்கொண்டு போனது. அவர்களே கோப்பையும் வாங்கினார்கள். நன்றாக ஆடினார்கள், வாங்கினார்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ஒரு ராத்திரி மற்ற முப்பதையும் அழித்துவிட்டது என்று சொல்கிறாயே, அங்கேதான் நான் நிற்கிறேன்.

2024ஐ எடுத்துக்கொள். உனக்குப் பிடித்த வருஷம்தானே, அதை வைத்தே பேசுவோம்.

அந்த வருஷம்தான் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன் நான்கும் உள்ளே வந்து பிக் டென் 18 அணியாக ஆனது. ஆளுக்கு 20 மேட்ச். மற்ற 17 அணிகளோடு தலா ஒன்று, அதில் மூன்று அணிகளோடு மட்டும் இரண்டாவது தடவை. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற பெண்கள் நியூ ஜெர்சிக்குப் பறந்து போய் ரட்கர்ஸோடு ஆட வேண்டும், மூன்று மணி நேர வித்தியாசம், பையில் பாடப் புத்தகம், திரும்பி வந்ததும் பரீட்சை. செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் நவம்பர் கடைசி வரை இதுதான் வாழ்க்கை. ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் போகும், ஒரு நாள் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டருக்குக் கை ஓடாது, ஒரு நாள் எதிரணியில் பெயரே கேள்விப்படாத ஒரு பெண் எழும்பி எழும்பி அடிப்பாள். எல்லாவற்றையும் தாண்டி இருபதில் பத்தொன்பது ஜெயிப்பது என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார். அதை அந்த வருஷம் இரண்டு அணி செய்தன. நெப்ராஸ்கா 19-1, பென் ஸ்டேட் 19-1.

அந்த நவம்பரை என்னால் மறக்க முடியாது. பிக் டென்னில் நாம் யாரிடமும் தோற்கவில்லை. நீங்கள் விஸ்கான்சினிடம் ஒன்று விட்டிருந்தீர்கள். வெற்றி தோல்விப் பட்டியலில் மேலே நாம், ஒரு படி கீழே நீங்கள், கடைசி வாரம் வரைக்கும் இடைவெளி அவ்வளவுதான். தேங்க்ஸ்கிவிங் மறுநாள், நவம்பர் 29, ஸ்டேட் காலேஜில் நேருக்கு நேர். பிக் டென் சீசனில் இரண்டு பேரும் மோதுவதே அந்த ஒரு தடவைதான், அதுவும் உங்கள் ஊரில். தோற்றோம். வார முடிவில் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகிவிட்டது, பட்டத்தைப் பகிர்ந்துகொண்டோம்.

அன்றைக்கு நீ "நாங்கதான் நேர்ல ஜெயிச்சோம், அப்ப நாங்கதானே முதல்" என்று கேட்டாய். சரி, நேரில் ஜெயித்தீர்கள். ஆனால் அந்த வருஷம் நாம் விஸ்கான்சினை ஜெயித்தோம், விஸ்கான்சின் உங்களை ஜெயித்தது, நீங்கள் நம்மை ஜெயித்தீர்கள். இதில் யார் யாருக்கு மேலே? ஒரு மேட்சை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தச் சுற்றுக்கு முடிவே கிடையாது. பட்டியலில் இருபதும் சேர்கிறது. அக்டோபரில் ஒரு புதன்கிழமை, பாதி காலியான அரங்கில், களைத்துப்போய் ஆடி ஜெயித்ததும் ஒன்றுதான், கூரை இடிகிற சத்தத்தில் ஜெயித்ததும் ஒன்றுதான்.

2023 ஆகஸ்ட் 30இல் மெமோரியல் ஸ்டேடியத்தில் 92,003 பேர் உட்கார்ந்து நாம் ஒமாஹா பல்கலைக்கழக அணியோடு ஆடிய மேட்சைப் பார்த்தார்களே, உலகமே பேசியதே, அது பிக் டென் பட்டியலில் ஒரு வரிகூட ஏறவில்லை, ஏனென்றால் ஒமாஹா வேறு கான்ஃபரன்ஸ். எனக்கு அந்த ராத்திரி உயிர். ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்காத பட்டியல்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது.

அதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். யார் யாரோடு இரண்டு தடவை ஆட வேண்டும் என்பதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது. அந்த ஒரே மோதல் லிங்கனில் நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இன்னொன்று, 3-0 என்று ஜெயித்தாலும் 3-2 என்று ஜெயித்தாலும் இங்கே ஒரே வெற்றி. நாடுகள் மோதுகிற போட்டிகளில் அப்படி இல்லையே, ஐந்தாவது செட் வரை போனால் ஜெயித்தவருக்கு இரண்டு புள்ளி, தோற்றவருக்கும் ஒரு புள்ளி என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. ஐந்து செட் போராடித் தோற்ற பிள்ளைக்கும் பட்டியலில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். நீ ஹைஸ்கூலில் பின்வரிசையில் பந்தை எடுக்கிற லிபரோவாக ஆடினபோது, தரையில் விழுந்து விழுந்து பந்தை எடுத்துவிட்டு ஐந்தாவது செட்டில் தோற்று வெளியே வருவாயே, முழங்கை எல்லாம் சிவந்து போய், அப்போதெல்லாம் இதைத்தான் நினைப்பேன்.

மேலே நடக்கிற போட்டியைவிட நடுவில் நடக்கிற போட்டிதான் நவம்பரில் என் தூக்கத்தைக் கெடுக்கும். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது இடத்து அணிகள். நெப்ராஸ்காவும் பென் ஸ்டேட்டும் எப்படியும் தேசியப் போட்டிக்குப் போகிற 64 அணிகளில் இருக்கும். இவர்களுக்கு அப்படி இல்லை. கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம், மற்றவர்கள் தேர்வுக் குழு கூப்பிடுமா என்று காத்திருக்க வேண்டும். அந்தக் குழு வைத்துப் பார்க்கிற ஆர்பிஐ என்கிற தரவரிசைக் கணக்கிலோ சொந்த வெற்றிக்குக் கால் பங்குதான், நீ யாரோடெல்லாம் ஆடினாயோ அவர்களுடைய வெற்றிக்கு அரைப் பங்கு, அவர்கள் யாரோடு ஆடினார்களோ அதற்கு மீதிக் கால். அதனால் நவம்பர் கடைசியில் தன் மேட்சை முடித்துவிட்டு, எங்கோ ஆரிகனில் நடக்கிற யாரோ ஒருவருடைய மேட்சை ஓர் அணியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே ஜெயிப்பவர் மாறினால் இவர்களுடைய கணக்கும் லேசாக அசையும். கடைசி வருஷம் படிக்கிற பெண்களுக்கு, குழு கூப்பிடவில்லை என்றால், போன சனிக்கிழமை ஆடினதுதான் வாழ்நாளின் கடைசி மேட்ச். அது கடைசி என்று தெரியாமலே ஆடி முடித்திருப்பார்கள்.

சின்ன கான்ஃபரன்ஸ்களில் இதைவிடக் கொடுமை. அங்கே பெரும்பாலும் கடைசியில் ஒரு நாக் அவுட் போட்டி வைத்து, அதில் ஜெயிப்பவருக்குத்தான் நேரடி இடம் கொடுப்பார்கள். இரண்டு மாதம் முதலிடத்தில் நின்ற அணி ஒரு மத்தியானம் சறுக்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், குழு அவர்களைத் தனியாகக் கூப்பிடுவது அபூர்வம். பிக் டென்னில் அப்படியொரு போட்டி கிடையாது, பட்டியலில் முதலிடம் யாரோ அவர்தான் சாம்பியன். எஸ்இசி என்கிற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸ் 2025இல் அந்த நாக் அவுட்டைப் பல வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கொண்டுவந்தது. டிவிக்கு நல்லது, டிக்கெட் விற்கும், எல்லாம் சரி. பிக் டென்னும் அந்த வழியில் போனால் எனக்குத் தாங்காது. செப்டம்பரிலிருந்து உழைத்த உழைப்பு அதோடு வெறும் முன்னோட்டமாகிவிடும்.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் லூயிவில் நகரில் தேசியப் போட்டியின் அரையிறுதிக்கு வந்த நான்கு பேர் யார்? பிட்ஸ்பர்க், லூயிவில், நெப்ராஸ்கா, பென் ஸ்டேட். போட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே முதல் நான்காக வரிசைப்படுத்தப்பட்ட அதே நான்கு. நாம் அங்கே போகும் வழியில் டெவானியில் யாரை ஜெயித்தோம்? அதே விஸ்கான்சினை. நவம்பர் சொன்னதையே டிசம்பரும் திருப்பிச் சொன்னது. அந்த இடம்கூட நவம்பர் கொடுத்ததுதான், முதல் 16 அணிகளுக்குத்தான் முதல் இரண்டு சுற்றும் சொந்த ஊரில், முதல் நான்குக்கு அதற்கடுத்த இரண்டும் சொந்த ஊரில். நீ உங்கள் ரெக் ஹால் அரங்கில் நின்று தொண்டை வற்றக் கத்தினாயே, கிரெய்ட்டனை ஜெயித்து லூயிவிலுக்குப் போன அன்று, அந்த மேட்சை உன் ஊருக்குக் கொண்டுவந்தது அக்டோபரிலும் நவம்பரிலும் சேர்த்த வெற்றிகள்தான். அதனால்தான் பட்டியலால் பிரயோஜனம் இல்லை என்று நீ சொல்லக் கூடாது என்கிறேன்.

உங்களோடு ஆடிய அந்த அரையிறுதியைப் பற்றி எழுத எனக்கு இன்னமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முதல் இரண்டு செட் நமக்கு. நான்காவதில் 22-16 என்று முன்னால் இருந்தோம், மூன்றே மூன்று புள்ளி. அங்கிருந்து உங்கள் பெண்கள் 28-26 என்று அந்த செட்டை எடுத்தார்கள், ஐந்தாவது 15-13. உங்கள் ஜெஸ் மிருசிக்கை நிறுத்த நம்மிடம் ஆளில்லை. நம் லிபரோ லெக்சி ரோட்ரிகஸ் அன்று எடுத்த பந்துகளை நீ பார்த்திருப்பாய், லிபரோ ஆடினவள் நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதுதான் அவளுடைய கடைசி கல்லூரி மேட்ச்.

தோற்ற பிறகும் நான் டிவியை அணைக்கவில்லை, உங்கள் பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலியைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மார்பகப் புற்றுநோய் என்று அக்டோபரில் வெளியே சொன்னார், கீமோ எடுத்துக்கொண்டே சீசன் முழுக்க அணியோடு நின்றார். எத்தனை மேட்ச் அவர் உடம்பில் தெம்பே இல்லாமல் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார் என்று நினைத்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும். 1999இல் அதே பென் ஸ்டேட்டுக்காக ஆடிக் கோப்பை வாங்கினவர், 2024இல் பயிற்சியாளராக வாங்கினார். பெண்கள் வாலிபாலில் அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான், இத்தனை வருஷம் கழித்து. ஊரெல்லாம் அவருடைய டிசம்பரைப் பேசுகிறது. நான் நினைப்பது அவருடைய அக்டோபரையும் நவம்பரையும். மருந்து ஏற்றிக்கொண்ட வாரங்களிலும் அணி மேலேயே நின்றதே, அந்த 19-1 எனக்குக் கோப்பைக்குக் குறைந்தது இல்லை. நெப்ராஸ்காக்காரி சொல்கிறேன் இதை.

அதனால்தான் நம் 30-0ஐயும் நீ அப்படிச் சொல்லும்போது வலிக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் தோற்ற மேட்சில்கூட நான்காவது செட்டை நம் பெண்கள் 37-35 என்று பிடித்தார்கள், நம் செட்டர் பெர்கன் ரெய்லி எங்கிருந்தெல்லாம் ஓடி வந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஒரு சீசன் முழுக்க யாராலும் தோற்கடிக்க முடியாத அணி என்பது நடந்த விஷயம். கோப்பை டெக்சாஸில் இருக்கிறது, இருக்கட்டும். பிக் டென் 2025 பட்டியலில் முதல் வரி நெப்ராஸ்கா, 20-0. அதைத் திருத்த யாராலும் முடியாது.

அப்பா உன் தீசிஸ் எப்படிப் போகிறது என்று கேட்கச் சொன்னார், நேரடியாக உன்னிடம் கேட்கப் பயம். நீ சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கிறேன். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தபாலில் போடுவேன், பூண்டு ஊறுகாய் கேட்டாயே, அது ஊற இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல். நெப்ராஸ்கா உங்கள் ஊருக்கு வருகிறதா, நீங்கள் லிங்கனுக்கு வருகிறீர்களா. அங்கே என்றால் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிடு, உன் பக்கத்திலேயே, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன். இங்கே என்றால் நீ நீலத்தில் வா, டெவானியில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்கூட்டியே சொன்னால்தான் நான் அலைந்து வாங்க முடியும்.

அன்புடன்,
அம்மா