யொரூபாப் பெயர்களும் நமது அச்சுப் பக்கங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்களில் நைஜீரிய வீரர்களின் பெயர்கள் ஒரே செய்திக்குள்ளேயே இரண்டு விதமாக அச்சாவதைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே பெயர் என்பது பெரும்பாலும் ஒரு முழு வாக்கியமாக இருப்பதால், ஓரெழுத்துப் பிசகினாலும் பொருள் சிதைந்துவிடும்.

இரட்டையரில் முதலில் பிறப்பவர் தைவோ, அதாவது உலகைச் சுவைத்துப் பார்க்க வந்தவர். பின்னால் வருபவர் கெஹிந்தே. ஆயினும், உலகம் எப்படியிருக்கிறதென்று பார்த்துவர மற்றவரை முன்னே அனுப்பியவர் என்பதால், மரபின்படி கெஹிந்தேதான் மூத்தவர். அவர்களுக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கும் இதோவு என்ற பெயர் காத்திருக்கிறது. பாட்டனார் மறைந்தபின் பிறக்கும் ஆண் குழந்தை பாபாதுந்தே, 'தந்தை திரும்பி வந்தார்'. பாட்டி மறைந்தபின் பிறக்கும் பெண் குழந்தை யெதுந்தே, 'தாய் திரும்பி வந்தாள்'. பாட்டனின் பெயரைத் தாங்குவதாலேயே பெயரன், பேரன் என்று சொல்லும் நமக்கு இது அந்நியமானதா என்ன?

என்னை மிகவும் நெகிழவைப்பது, பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த பெற்றோர் வைக்கும் பெயர்கள். மலோமோ என்றால் 'இனிப் போகாதே'. துரோஜையே என்றால் 'இருந்து வாழ்வை அனுபவி'. நம் முன்னோர் அதே அச்சத்தில் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டுக் காலனை ஏமாற்றப் பார்த்தார்கள். அவர்களோ குழந்தையிடமே நேரில் மன்றாடுகிறார்கள்.

1986இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற வோலே சொயிங்காவின் 'வோலே'கூட, ஒலுவோலே என்பதன் சுருக்கமே. இத்தகைய பெயர்களுக்கு ஒரே சீரான தமிழ் எழுத்துக்கூட்டலைத் தங்கள் ஆசிரியபீடம் வகுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.