பதினான்கையும் ஒப்பித்தவள் எழுதும் மடல்

பல்கலைக்கழக மேலாண்மைப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பி.பி.ஏ.வும் எம்.பி.ஏ.வும் படித்துவிட்டு ஏழு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். பாடத்திட்டத்தைத் திருத்த நீங்கள் அடுத்த முறை கூடும்போது இந்தக் கடிதமும் மேசையில் கிடக்கட்டும்.

‘மேலாண்மைக் கோட்பாடுகள்’ தாளில் எனக்கு 91 மார்க். நிர்வாகம் செய்வது எப்படி என்று ஃபயோல் வகுத்த 14 கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வேன். பதினான்காவதான ‘எஸ்பிரி து கோர்’ என்பதை எங்கள் வகுப்பு முழுக்க ‘கார்ப்ஸ்’ என்றே ஒப்பித்தது. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் பிணம்; குழு ஒற்றுமைக்குப் பிணம் என்று பெயர் வைப்பார்களா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆன்ரி ஃபயோல் யார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அவர் ஒரு சுரங்கப் பொறியாளர் என்பதையும், 1888-ல் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பிரெஞ்சு நிலக்கரி-இரும்பு கம்பெனியொன்றைக் கையில் எடுத்து நிமிர்த்தியவர் என்பதையும், அந்த அனுபவத்தைத்தான் 1916-ல் எழுதினார் என்பதையும் வேலைக்கு வந்தபிறகு நானாகத் தேடிப் படித்தேன். கோட்பாடுகள் வளைந்துகொடுப்பவை, இத்தனைதான் என்று அவற்றுக்குக் கணக்கில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நம் விடைத்தாளில் 13 எழுதினால் மார்க் போகும்.

‘நிறுவன நடத்தையியல்’ கதைக்கு வருகிறேன். எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு தையல் லைனில் புதிதாக வந்த பெண் மற்றவர்களைவிட வேகமாகத் தைத்தாள். முதல் வாரம் பார்த்த வேகம் மூன்றாவது வாரம் இல்லை. எனக்கென்ன தெரியும்? ஊக்கம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஊக்கம் பற்றிப் பாடத்தில் படித்த மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் எல்லாம் மனதில் ஓட, அதிக பீஸ் தைப்பவருக்குப் பரிசு, பெயரைப் பலகையில் எழுதுவது என்று ஒரு திட்டம் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். அவரும் சரி என்றார். பெயர் எழுதிய மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிட ஆளில்லை. பத்தே நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். லைனில் மூத்த டெய்லர் அக்கா ஒருவர்தான் பிறகு எனக்கு விளக்கினார். “நாந்தான் மெதுவாப் போ கண்ணுன்னு சொன்னேன். இப்படித் தச்சா பீஸ் ரேட்டக் கொறச்சுப் போடுவாங்க. அப்புறம் எங்களாட்டம் வயசானவங்க என்ன பண்றது?”

இதே கதை 1931-32-ல் சிகாகோ பக்கத்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் நடந்திருக்கிறது. உற்பத்தியை எது கூட்டுகிறது என்று அந்த ஆலையில் நடத்திய ஹாதார்ன் ஆய்வின் கடைசிக் கட்டத்தில் 14 ஆண்களை ஓர் அறையில் வைத்து, அவர்கள் வேலை செய்வதைக் கூடவே உட்கார்ந்து கவனித்தார்கள். நாளுக்கு இவ்வளவு வேலைதான் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது. அதைத் தாண்டினால் பட்டப்பெயர், கேலி, மேற்கையில் ஒரு குத்து. கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற அதே பயம்தான் அங்கும்.

ஹாதார்ன் எனக்குப் பாடமாக இருந்ததுதான். நோட்ஸில் நான்கு வரி: வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது, குறைத்தார்கள், அப்போதும் கூடியது, ஆகவே மனித உறவுகள் முக்கியம். அந்த 14 பேரும் அதில் இல்லை. அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில் தொலைபேசி ரிலே என்ற பாகத்தைப் பூட்டிய ஐந்து பெண்களில் இருவரை, பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று 1928 தொடக்கத்தில் மாற்றிவிட்டு வேறு இருவரை உட்கார வைத்ததும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால், உற்பத்தி கூடியதற்குக் காரணம் அன்பா, ஆள்மாற்றமா என்று வகுப்பில் ஒரு சண்டையாவது நடந்திருக்கும். ஒரு குழு தனக்குள் வகுத்துக்கொள்ளும் எழுதாத விதிகளான ‘குழு நெறிகள்’ பற்றி ஆறு பாயிண்ட் எழுதத் தெரிந்த எனக்கு, அது கண்ணெதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது அடையாளம் தெரியவில்லை.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1943-ல் வந்த அவருடைய கட்டுரையில் முக்கோணமே கிடையாது. பிற்பாடு வந்தவர்கள் போட்ட படத்துக்குத்தான் நாங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மார்க் வாங்கினோம்.

சிகாகோ வேண்டாம் என்பதல்ல என் வாதம். இன்று எங்கள் லைனில் ஸ்டாப்வாட்சோடு நின்று வேலை நேரத்தை அளக்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பையனுக்கு, அந்த முறையைப் பரப்பிய அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லரின் புத்தகம் வந்த அதே 1911-ல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஸ்டாப்வாட்சை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது தெரிந்தால் நல்லது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தது. ஆனால் பெரம்பூர் ஏன் இல்லை?

ஃபயோல் எழுதி இரண்டே வருடத்தில், 1918 ஏப்ரலில், பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்னாடிக்) துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும் மேஸ்திரிகளின், அதிகாரிகளின் நடத்தையும் அவர்களின் பெரிய குறைகள். ஓய்வு இடைவேளைக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பைச் சிகாகோ ஆய்வாளர்கள் அளக்கத் தொடங்கியது அதற்குப் பல வருடம் கழித்து. சங்கத்தைக் கட்டிய செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று அத்தனை பேர் வரும் அந்தக் கதையில் தலைமைத்துவம் இருக்கிறது, தகவல் தொடர்பு இருக்கிறது, முறைசாராக் குழு இருக்கிறது. நிர்வாகம் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத் தடை வாங்கியதும், அதன் தொடர்ச்சியாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் இருக்கிறது. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியாகப் பிளந்து நின்றதும் இருக்கிறது. புத்தகத்தில் ‘பணியிடப் பன்முகத்தன்மை’ என்று ஓர் அலகு படித்தேன். அதில் சாதி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் ஒரு நாள்கூட என்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ‘14 கோட்பாடுகளை விளக்குக’ என்ற 10 மார்க் கேள்வியை எடுத்துவிட்டு, அரைப்பக்கத்துக்கு ஒரு பணியிடச் சம்பவத்தைக் கொடுத்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். திருத்துவது கடினம், விடைக்குறிப்பு எழுத முடியாது என்பீர்கள். உண்மைதான். ஒரே விடை இல்லாத வேலைக்குத்தானே எங்களைத் தயார் செய்கிறீர்கள்? தமிழில் எழுதும் மாணவர்கள், மொழிபெயர்த்த சொற்களை உருப்போட்டுத் திணறாமல், தங்கள் அம்மா வேலைக்குப் போகும் இடத்தைப் பற்றியே எழுதுவார்கள்.

இன்னொன்று அந்த ஐ.வி., அதாவது மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போகும் இண்டஸ்ட்ரியல் விசிட். காலையில் பிஸ்கட் கம்பெனி, மதியம் அருவி, இரவு பஸ்ஸில் ஆட்டம். நானும் ஆடியவள்தான், அதை நிறுத்தச் சொல்லிச் சாபம் வாங்கிக்கொள்ள மாட்டேன். அதோடு சேர்த்து, ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பணியிடத்தில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்த்து எழுதட்டும். மளிகைக் கடை, பேருந்து பணிமனை, ஆஸ்பத்திரி வார்டு எதுவானாலும் சரி.

எங்கள் மேலாளரிடம் பேசிவிட்டேன். ஒரு தடவைக்கு ஐந்து பேர் வரலாம். ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் வேண்டாம், அப்போது எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதால் யாருக்கும் பேச நேரமிருக்காது. காலை டீ பெல்லுக்கு முன்னால் வந்துவிடச் சொல்லுங்கள். பெல் அடித்ததும் யார் முதலில் எழுகிறார்கள், யார் எழாமல் இன்னும் பத்து பீஸ் தைக்கிறார்கள், அவர்களை யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். அந்த அக்கா இப்போதும் அதே லைனில்தான் இருக்கிறார். சந்தேகம் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி,
திருப்பூர்.