பேக்கப் அழிக்கும் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஸ்டூடியோக்கள், ரியூட்டரிகள், சிறு அலுவலகங்கள் எனப் பல இடங்களில் பழைய கணினியொன்றில் லினக்ஸ் போட்டு அதையே சேவராக வைத்திருக்கிறார்கள். பழைய பேக்கப்பை இரவில் அழிக்க, தெரிந்த தம்பி ஒருவர் எழுதிக் கொடுத்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு; அதைப் படித்து ஓட்டுவது ஷெல்) அதில் ஓடும். அதில் 'ஆர்எம் -ஆர்எஃப்' (எதையும் கேட்காமல் ஃபோல்டரோடு அழிக்கும் கட்டளை) வரும் வரியை உரியவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

அந்த வரியில் ஃபோல்டரின் பெயர் பெரும்பாலும் ஒரு மாறியில் (மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயர்) இருக்கும். அதன் பின்னால் சாய்கோடும், 'உள்ளே இருக்கும் எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியும் (/*). மாறிக்கு மதிப்புக் கிடைக்காவிட்டால் ஷெல் நின்று கேட்காது, வெறுமையாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது சாய்கோடும் நட்சத்திரமும்தான். அதாவது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் வேர் ஃபோல்டருக்குக் கீழே உள்ள எல்லாமே. இதற்கு மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை போதும். கையால் ஓட்டும்போது சரியாக ஓடிய ஸ்கிரிப்ட் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் கவிழ்வதும் உண்டு: பாஷ்ஆர்சி என்ற ஷெல் அமைப்புக் கோப்பில் வைத்த மாறிகள் கிரானுக்குத் தெரியாது. வேரை அழிக்க ஆர்எம் மறுக்குமே என்பார்கள். அது தனிச் சாய்கோட்டைத்தான் மறுக்கும். நட்சத்திரம் இருந்தால் ஷெல் அதை முதலிலேயே ஒவ்வொரு ஃபோல்டர் பெயராக விரித்துக் கொடுத்துவிடும்.

ஸ்கிரிப்டின் தலைப்பில் 'செட் -யூ' போட்டால், மதிப்பே தரப்படாத மாறியைக் கண்டதும் ஓட்டம் நிற்கும். போடத்தான் வேண்டும், ஆனால் அது பாதி மருந்து. தரப்பட்ட மதிப்பே வெறுமையாக இருந்தால் பேசாமல் விட்டுவிடும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு மென்பொருளில் வெளிப்பட்டது இந்த வகைதான். தன் ஃபோல்டரைத் தேடிய 'சிடி' (ஃபோல்டருக்குள் போகும்) கட்டளை தோற்றது, மாறி வெறுமையானது. பயனரின் கோப்புகளோடு, பேக்கப்புக்கென மாட்டியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் துடைக்கப்பட்டது. அந்த வரிக்கு மேலே 'பயமாயிருக்கு!' என்று குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தார்கள்.

எனவே அழிக்கும் வரியிலேயே காவல் வைக்க வேண்டும். மாறியின் பெயரை நெளிவடைப்புக்குள் போட்டு, பெயரை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் (:?) இடுங்கள். அதை இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். நட்சத்திரம் மேற்கோளுக்கு வெளியே. மதிப்பு இல்லாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் ஷெல் பிழை காட்டி நின்றுவிடும், ஆர்எம் தொடங்கவே தொடங்காது. முக்காற்புள்ளியை விட்டால் வெறுமையான மாறி தப்பிப் போகும். 'சிடி' வரும் இடமெல்லாம் அதன் பின்னால் இரண்டு நிமிர்கோடும் (||) 'எக்ஸிட் 1'உம் சேருங்கள்; 'சிடி' தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். ஷெல்செக் என்ற இலவசக் கருவி இப்படியான வரிகளைத் தானாகவே சுட்டிக்காட்டும்.

மாற்றியதும் ஆர்எம்முக்கு முன்னால் 'எக்கோ' (திரையில் எழுதிக் காட்டும் கட்டளை) போட்டு ஓட்டி, எவையெல்லாம் அழியப்போகின்றன என்று பார்த்துவிட்டே எக்கோவை எடுங்கள். ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. பேக்கப் டிஸ்க்கையும் வேலை முடிந்ததும் அன்மவுண்ட் செய்து (கணினியிலிருந்து முறையாக விடுவித்து) கழற்றி வையுங்கள்.

வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.