தாதியருக்குப் பேசவும் நேரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் பொதுத்துறைத் தாதியரைப் பணியில் தக்கவைக்க 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் ‘ஏஞ்சல்’ திட்டம் பற்றிய செய்தியைப் படித்தேன். 2024ல் அது அறிவிக்கப்பட்டபோதே மகிழ்ந்தேன், அவர்கள் உழைப்புக்குத் தகும். ஆனால் பணத்தோடு, நோயாளியிடம் நின்று பேச நேரமும் கொடுக்க வேண்டும்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்டில் இருந்த அம்மா, கணினித் தள்ளுவண்டியைப் பார்த்தபடியே வலி இருக்கிறதா என்று கேட்டவர்களிடமெல்லாம் “ஓகே, ஓகே” என்றுதான் தலையாட்டினார். பாவம், அவர்களுக்கும் அடுத்தடுத்த படுக்கைகள் காத்திருந்தன. ஒரு பிலிப்பீன்ஸ் தாதி மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ‘ஆன்ட்டி’ என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று சொன்ன பிறகுதான், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்ற விஷயமே அம்மா வாயிலிருந்து வந்தது. அப்புறம் மருத்துவர் ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். கீழே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்படிப் பேசுவதும் சிகிச்சைதான். பணி மாறும் நேரத்தில் தாதியர் இருவரும் படுக்கையருகே நின்று, நோயாளியையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு பொறுப்பை ஒப்படைக்கலாம். அந்தச் சில நிமிடங்களை வேலை நேரக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.

ஒரு வாசகர், ஈசூன்