கல்லடியில் இருந்து ஒரு பதில்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. போன கிழமை அம்மாவைப் போய்ப் பார்த்தேன், முழங்கால் நோவைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கிறா. வயல் வெட்டு முடிந்துவிட்டது, இப்போது நெல் விலையைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

சரி, உன் விஷயத்துக்கு வாறேன். இரத்தத்தில் விற்றமின் டி லீற்றருக்கு 22 நனோமோல் என்று வந்ததும் "உங்கட ஆக்களுக்கு மரபணுவிலேயே குறைவு" என்று அந்த டொக்டர் சொன்னதை நீ அப்படியே நம்பிவிட்டாய். அதில் பாதிதான் சரி.

மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. தோல் நிறம் ஒன்று, வெயில் பட்டு இந்த விற்றமினைச் செய்வது தோல்தானே. அப்புறம் ஈரலில் விற்றமினை மாற்றும் சிவைபி2ஆர்1 என்ற மரபணு, இரத்தத்தில் அதைச் சுமந்து போகும் புரதத்துக்கான ஜிசி என்ற மரபணு, இப்படிச் சில. 2010 இல் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 34,000 பேரிடம் இவற்றை உறுதிப்படுத்தினார்கள், 2020 இல் நாலு லட்சம் பேருக்கு மேல் பார்த்து மரபணுத்தொகுதியில் 143 இடங்கள் இதோடு தொடர்புடையவை என்றார்கள். இரண்டும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்தவை! பிரித்தானியாவில் இருக்கும் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் பல நாட்டு மக்களின் மரபணுக்களைப் பதிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இருக்கிறார்கள்தான், ஆனால் அதில் யாருடைய விற்றமினையும் அளக்கவில்லை. பிறகு எங்களைப் பற்றி எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்வது?

கருவியும் ஏமாற்றும். கறுப்பின அமெரிக்கர்களுக்கு அந்தச் சுமக்கும் புரதமே குறைவு, அதனால் மொத்த அளவு குறைந்தாலும் உடம்புக்குக் கிடைப்பது வெள்ளையர்களுக்குக் கிடைக்கிற அளவுதான் என்று 2013 இல் ஒரு ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு வேறு முறைகளில் அளந்தால் புரதத்தில் அப்படி வித்தியாசமே இல்லை. ஆபிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் அந்தப் புரதத்தின் வடிவத்தை முதல் பரிசோதனை குறைத்துக் காட்டியிருக்கிறது. ஒரு இனத்தின் உடம்பைப் பற்றிய முடிவு ஒரு பரிசோதனையின் கோளாறில் போய் நின்றதை நினைக்க எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

தன்சானியாவில் பழைய வழக்கப்படி வாழும் மசாய், ஹட்சா மக்களை அளந்தபோது சராசரி 115 நனோமோல் வந்தது. கறுத்த தோல்தான், ஆனால் நாள் முழுக்க வெளியில். இங்கேயே பாரேன், கல்லடிக் கடற்கரையில் வெறும் முதுகோடு பத்து மணி வெயிலில் கரைவலை இழுக்கிறார்கள், அதே தெருவில் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியைமார் குடையும் முழுக்கைச் சட்டையுமாக வகுப்புக்குள் போனால் பின்னேரம்தான் வெளியே வருவார்கள். ஒரே ஊர், ஒரே வம்சம், தோலில் விழும் வெயில் மட்டும் வேறு. நீயோ லண்டனில் ஒக்டோபர் முதல் மார்ச் வரை, வெயில் அடித்தாலும் தோல் விற்றமின் டி செய்யத் தேவையான புறஊதாக் கதிர் போதாத இடத்தில் இருக்கிறாய். எங்கள் நிறத்துக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது.

அதனால் "பரம்பரை" என்று கைவிடாமல், டொக்டர் தந்த குளிசையை முழுதாக முடி. அங்கே அரசாங்கமே கறுத்த தோல்காரர் வருஷம் முழுக்க நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது, பிள்ளைகளுக்கும் கேட்டு வாங்கு. மீன்கடையில் சூடை, கீரி மாதிரிக் கொழுப்புள்ள மீன் கிடைத்தால் விடாதே.

மறுபடி பரிசோதித்ததும் என்ன வந்தது என்று எழுது.

உன்,
பழைய வகுப்புத் தோழன்